ஐம்பொறிகளும் ஆலைப் பொறிகளும்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் சென்றால் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அச்சிறு பயணத்திற்குள் நம் ஐம்புலன்களுக்கும் வேலை வந்துவிடுகிறது. நூற்பாலைகளின் இரைச்சல் செவியில் விழுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலம் கண்ணுக்குத் தெரிகிறது. சன்னலோரம் அமர்ந்தால் மலைக்காற்று முகத்தில் படுகிறது. ஊர் நெருங்கியதும் பால்கோவாக் கடைகளில் சுண்டும் பாலின் மணம் மூக்கை எட்டுகிறது. இறங்கி ஒரு பொட்டலம் வாங்கினால் நாவுக்கும் அதன் பங்கு கிடைத்துவிடுகிறது.

மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய இவ்வுறுப்புகளை நம் முன்னோர் ஐம்பொறிகள் என்றனர். இவற்றால் அறியப்படும் ஊறு, சுவை, ஒளி, நாற்றம், ஓசை ஆகியவற்றை ஐம்புலன்கள் என்றனர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, தொடுவுணர்வை முதற்படியாகவும் செவியறிவை ஐந்தாம் படியாகவும் வைத்தது. பொறி என்னும் சொல்லுக்கு இயந்திரம் என்ற பொருளும் உண்டு. ஆலையிலுள்ள பொறி பஞ்சை வாங்கி நூலாக்குகிறது. நம் உடலிலுள்ள பொறி எதை வாங்கி எதை ஆக்குகிறது? இக்கேள்வி நமக்கு எழுந்தது நூல்நிலையத்தில் அன்று, ஒரு தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில்.

கோபக்காரர் என்று பெயரெடுத்தவர்

நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கு ஒன்றில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆலைப்பணி. நல்ல உழைப்பாளி. ஆயினும் வீட்டிலும் தெருவிலும் கோபக்காரர் என்று பெயரெடுத்துவிட்டார். "சாமி, நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று செய்கிறார். உரக்கச் சொன்னால், ஏன் கத்துகிறாய் என்று சண்டைக்கு வருகிறார்" என்று அவர் மனைவி நம்மிடம் முறையிட்டார்.

திருவிழா ஆயத்தக் கூட்டத்தில் அவரிடம், "அசனத்திற்குத் தட்டு எத்தனை வந்திருக்கிறது?" என்று கேட்டோம். "சப்பரத்துக்குப் பட்டு ஒன்று போதும், சாமி" என்றார். கூட்டத்தில் அனைவரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அவர் முகம் சிவந்து எழுந்து சென்றுவிட்டார். அதன்பின் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைசி வரிசைக்கு ஒதுங்கினார்.

பல மாதங்கள் சென்றபின் அவர் மகன் வற்புறுத்திச் செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அங்கே எடுத்த வரைபடத்தைத் திண்ணையில் அமர்ந்து நம்மிடம் காட்டினார்கள். தாழ்ந்த ஒலிகளுக்கு ஓரளவு நேராக வந்த கோடு, உயர்ந்த ஒலிகளை நெருங்கியதும் கிணற்றில் விழுந்தாற்போல் இறங்கியது. அவருடைய குணத்தில் குறையில்லை, செவியில்தான் குறை என்பது அன்று நமக்கு விளங்கியது. ஒரு மனிதரின் கேள்விக்குறையை நாம் குணக்குறையாக எண்ணிவிட்டோம். அதனை ஈடுசெய்யும் எண்ணத்துடனேயே இப்பொருளைப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

உள்ளே செல்வது மின்துடிப்பு

புற உலகிலிருந்து நம்மை வந்தடையும் ஆற்றல் பலவகை. ஒளி மின்காந்த அலை, ஓசை காற்றின் அதிர்வு, வெப்பம் மூலக்கூறுகளின் ஓட்டம், தொடுகை அழுத்தம், சுவையும் மணமும் வேதிப்பொருள்கள். இவற்றுள் எதுவும் மூளைக்குள் நேரே நுழைவதில்லை. மண்டையோட்டின் உட்புறம் எப்போதும் இருட்டு. கோபுரத்தின் ஒளியோ கோயில் மணியின் அதிர்வோ அங்கே செல்வதில்லை.

அங்கே செல்வது ஒன்றேயாகும். அதுதான் நரம்பில் ஓடும் மின்துடிப்பு. அதன் அளவு வோல்ட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அது நீடிப்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஒலிவாங்கி நம் குரலை மின்னோட்டமாக மாற்றிக் கம்பியில் அனுப்புவதுபோல, ஒவ்வொரு பொறியும் தனக்குரிய ஆற்றலை இம்மின்துடிப்பாக மாற்றுகிறது. எத்தனை வகைப் பஞ்சு போனாலும் ஆலையிலிருந்து நூலே வெளிவருவதுபோன்றது இது.

உரத்த ஓசைக்குப் பெரிய துடிப்பும் மெல்லிய ஓசைக்குச் சிறிய துடிப்பும் எழுமோ என்று கேட்கலாம். அவ்வாறன்று. துடிப்பின் உருவம் மாறுவதில்லை; நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதே மாறுகிறது. 1926-ஆம் ஆண்டு இதனை ஆய்ந்து காட்டிய ஆங்கிலேய அறிஞர் எட்கர் அட்ரியன் 1932-இல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லாம் ஒரே வகைத் துடிப்பாயின், இது ஒளி, இது ஒலி என்று மூளை எங்ஙனம் பிரித்தறிகிறது? எந்த நரம்பின் வழியாக வந்தது என்பதைக் கொண்டே அறிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் யோகான்னஸ் முல்லர் இதனை எடுத்துரைத்தார். கண்ணில் அடிபட்டால் பொறி பறக்கிறது என்கிறோம் அல்லவா? அங்கே ஒளி ஏதுமில்லை, அழுத்தமே உண்டு. ஆயினும் துடிப்பு கண் நரம்பின் வழியாக வந்ததால் மூளை அதனை ஒளி என்றே கொள்கிறது.

கோபுரம் ஒரு மில்லிமீட்டர்

திருவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி உயரமுடையது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் நின்று அதனை நோக்கினால், நம் விழித்திரையில் விழும் உருவத்தின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அதுவும் தலைகீழாக. அந்த ஒரு மில்லிமீட்டரிலிருந்துதான் பதினொரு நிலைகளையும் நாம் காண்கிறோம்.

விழித்திரையில் மங்கிய ஒளிக்கென ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும், நிறங்களுக்கென ஏறத்தாழ 60 இலட்சம் கூம்பு செல்களும் உள்ளன. குச்சி செல்லில் ஒளியை ஏற்பது ரெட்டினால் என்னும் சிறிய மூலக்கூறு. அது வளைந்து அமர்ந்திருக்கும். ஒளித்துகள் ஒன்று பட்டதும் நிமிர்ந்துவிடும். பார்வை என்பதில் ஒளி செய்யும் வேலை இவ்வளவே. அந்த ஒரு நிமிர்வு பல வேதிவினைகளைத் தொடர்ந்து தூண்ட, இருளில் அச்செல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் குறைகிறது. அக்குறைவே செய்தியாக மூளைக்குச் செல்கிறது. இருளுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு சில ஒளித்துகள்களே போதும் என்று 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவர் அளந்து காட்டினர்.

இந்த ரெட்டினால் உருவாவது வைட்டமின் ஏ-யிலிருந்து. விழித்திரையில் அச்சத்தினை 1933-இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசு பெற்றவர். வெயிலிலிருந்து திரையரங்கிற்குள் நுழைந்தால் சிறிது நேரம் ஒன்றும் தெரியாது. நிமிர்ந்த மூலக்கூறுகள் மீண்டும் வளைந்து பணிக்கு ஆயத்தமாக வேண்டும். முழுவதும் பழக ஏறத்தாழ அரைமணி நேரமாகும். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு அந்த ஆயத்தம் நிகழ்வதே இல்லை. அந்தி சாய்ந்ததும் தட்டித் தடுமாறும் பிள்ளையை மாலைக்கண் என்று நம் பாட்டிமார் சரியாகவே கண்டனர். அதனைக் கவனியாது விட்டால் கருவிழி உலர்ந்து கண்ணே போகும். 1970-இல் நம் நாட்டில் தொடங்கிய வைட்டமின் ஏ திட்டத்தின்படி, ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருந்து புகட்டப்படுகிறது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் அதற்குத் துணை.

மிளகாயில் தீ இல்லை

விருதுநகர்ச் சந்தைக்கு வரும் வற்றல் மிளகாயைத் தொட்டுப் பார்த்தால் சுடுவதில்லை. வெப்பமானியை வைத்தாலும் வெப்பம் காட்டாது. ஆனால் நாவில் பட்டால், எரிகிறது என்கிறோம். இது உவமை என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். உவமையன்று, உண்மையே என்று 1997-இல் அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டனர். ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டினை உணர்வதற்கென நரம்பு நுனியில் ஒரு வாயில் உண்டு. மிளகாயின் கேப்சைசின் என்னும் பொருள் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. திறந்தது சூடா, மிளகாயா என்று மூளைக்குத் தெரியாது. எரிகிறது என்றே அறிந்து வியர்வையைக் கூட்டி உடலைக் குளிர்விக்க முயலுகிறது.

பறவைகளுக்கும் இவ்வாயில் உண்டு. ஆனால் கேப்சைசின் அதனைத் திறப்பதில்லை. ஆகவேதான் கிளி மிளகாய்ப் பழத்தைத் தயங்காது கொத்தித் தின்கிறது. ஆண்டாளின் கையில் நாள்தோறும் இலைகளால் கிளி செய்து வைக்கும் ஊரார்க்கு இச்செய்தி உவப்பாக இருக்கும்.

காரம் தாளாவிடில் தண்ணீர் குடிப்பதில் பயன் மிகுதியில்லை. கேப்சைசின் நீரில் எளிதிற் கரையாது. பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் அதனைப் பற்றி அகற்றும். ஒரு வாய் பால்கோவா உண்டாலும் எரிவு தணியும். அப்பால்கோவாவை மூக்கைப் பிடித்துக்கொண்டு உண்டு பாருங்கள். வெறும் இனிப்பே தெரியும். மூக்கை விட்டதும் பால்கோவா ஆகிவிடும். நாவுக்குத் தெரிந்த சுவைகள் சில. மூக்கிலோ ஏறத்தாழ 400 வகை வாங்கிகள் உள்ளன. அவற்றின் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர்.

விரல்நுனியின் அறிவு

நூற்பு இயந்திரத்தில் அறுந்த இழையை ஒட்டும் பெண்களை நாம் வியந்து பார்த்திருக்கிறோம். கண்ணுக்கும் அரிதான இழையை விரல் கண்டுகொள்கிறது. விரல்நுனியில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரு முனைகளை இரண்டு என்று உணரலாம். முதுகிலோ நான்கு சென்டிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். தோலின் செல் அழுத்தப்படும்போது, அதன் சவ்வு இழுபட்டு அங்குள்ள வாயில் திறக்கிறது. மின்னேற்றமுள்ள அயனிகள் உள்ளே பாய்கின்றன. பியேசோ என்னும் இவ்வாயில்களை 2010-இல் கண்டறிந்தவர் ஆர்டெம் பட்டாபூட்டியன். டேவிட் ஜூலியசும் இவரும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

செவியின் நுட்பம்

இனி நம் தொழிலாளியை வருத்திய பொறிக்கு வருவோம். காற்றின் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வசைவை ஏந்தி, அழுத்தத்தை ஏறத்தாழ இருபது மடங்காக்கி உட்செவிக்குத் தருகின்றன. அங்கவடி எலும்பு நம் உடலின் மிகச் சிறிய எலும்பு. மூன்று மில்லிமீட்டர் அளவே. உட்செவியில் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல் ஒன்றுள்ளது. நீட்டினால் அதன் நீளம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். அதன் வாயிலருகே உயர்ந்த சுரங்களும் உட்கோடியில் தாழ்ந்த சுரங்களும் அதிர்வை எழுப்புகின்றன. இதனைக் கண்ட பேக்கேஷி என்னும் அறிஞர் 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

அக்குழல் நெடுகிலும் மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு செவிக்கு அவை ஏறத்தாழ 15,000. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்மயிர்க் கொத்து ஒன்றுண்டு. ஒரு மயிரின் நுனியை அடுத்ததோடு மெல்லிழை ஒன்று இணைக்கிறது. அதிர்வில் கொத்து சாயும்போது அவ்விழை இழுபட்டு, கதவைக் கயிற்றால் இழுப்பதுபோல் வாயிலைத் திறக்கிறது. பொட்டாசிய அயனிகள் உள்ளே பாய்கின்றன, ஓசை மின்சாரமாகிவிடுகிறது. மிகமெல்லிய ஓசையில் செவிப்பறை அசைவது ஓர் அணுவின் விட்டத்திலும் குறைவு. செவி தாங்கும் மிகுந்த ஓசைக்கும் இந்த மெல்லிய ஓசைக்கும் ஆற்றலில் இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு.

பொட்டாசியம் அவ்வளவு வேகமாக ஏன் பாய்கிறது? செவிக்குள் ஒரு மின்கலமே இருக்கிறது. குழலின் பக்கச்சுவரிலுள்ள திசு, அங்குள்ள நீரை ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. இம்மின்கலம் இல்லையேல் என்ன நேரும் என்பதை அறிய இராசபாளையத்தாருக்கு நெடுந்தொலைவு செல்லவேண்டா. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் ஊர் வெள்ளை வேட்டைநாயின் குட்டிகளிற் சில செவிடாகிவிடுவதை வளர்ப்போர் அறிவர். தோலுக்கும் மயிருக்கும் நிறந்தரும் செல்களே அந்த மின்கலத் திசுவிலும் பணிபுரிகின்றன. வெள்ளை நாய்கள் சிலவற்றில் அந்நிறச் செல்கள் உட்செவியைச் சென்றடைவதில்லை. பிறந்த சில வாரங்களில் மின்கலம் செயலிழக்க, மயிர்ச் செல்களும் மடிகின்றன. அழைத்தும் வராத குட்டியை அடங்காத நாய் என்று அடிப்பவர் உண்டு. நாம் தொழிலாளியைக் கோபக்காரர் என்று எண்ணியதும் இதனைப் போன்றதே.

பழகிவிட்டது என்னும் ஏமாற்று

பி. ஏ. சி. இராமசாமி ராசா 1936-இல் இராசபாளையம் மில்லைத் தொடங்கிய காலந்தொட்டு, இவ்வூரின் பல்லாயிரம் குடும்பங்களுக்கு நூற்பாலை சோறிட்டு வருகிறது. ஆலையை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் அதன் இரைச்சல் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று.

ஓசையை டெசிபல் கணக்கில் அளப்பர். பத்து கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. மூன்று கூடினாலே இரு மடங்கு. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் இருத்தலாகாது என்பது மருத்துவர் கணக்கு. 88 ஆயின் 4 மணி நேரம். 91 ஆயின் 2 மணி நேரம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்திற்கு 90 வரை என வகுத்தன. நூற்புக்கூடங்கள் பலவற்றில் ஓசை இவ்வெல்லையை ஒட்டியும் மீறியும் இருக்கும். விசைத்தறிக் கூடங்களில் அதனினும் மிகும்.

ஓங்கிய இரைச்சலில் நுண்மயிர்கள் புயலில் நெற்பயிர் போலச் சாய்கின்றன. முதலில், பணிமுடிந்து வந்த இரவு காது மந்தமாகி இரையும், விடிந்தால் தெளியும். நாள்தோறும் இவ்வாறு நிகழ, ஒருநாள் அவை நிமிராது போகின்றன. பாலூட்டிகளின் செவியில் மடிந்த மயிர்ச் செல் மீண்டும் முளைப்பதில்லை. பிறக்கும்போது பெற்ற 15,000-தான் வாழ்நாள் முழுமைக்கும்.

முதலில் கெடுவது நொடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதி. உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகள், அவை கேட்கும். க, ச, த, ப முதலிய மெய்களை வேறுபடுத்துவன மெல்லிய உயர் அதிர்வுகள், அவை மறைந்துபோம். தட்டு, பட்டு, கட்டு மூன்றும் அச்செவிக்கு ஒன்றே. பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை. உரக்கச் சொன்னால் உயிரெழுத்து இடிபோல் முழங்குமேயன்றி மெய்யெழுத்து தெளியாது. ஏன் கத்துகிறாய் என்று அவர் மனைவியைக் கேட்டதன் பொருள் இதுவே.

இரைச்சல் பழகிவிட்டது, இப்போது தொந்தரவில்லை என்று தொழிலாளர் கூறக் கேட்டிருக்கிறோம். பழகுவது மூளை, அது செய்தியைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்கிறது. மயிர்ச் செல்லோ பழகுவதில்லை. அல்லது, தொந்தரவு குறைந்ததற்குக் காரணம் கேட்கும் திறன் குறைந்ததே.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

பஞ்சாலைத் தொழிலாளர் பலர் காதில் பஞ்சை வைத்துக்கொள்கின்றனர். உலர்ந்த பஞ்சு ஓசையைத் தடுப்பது மிகக் குறைவு. முறையான செவியடைப்பான் சரியாகப் பொருந்தினால் 15 டெசிபலுக்குக் குறையாமல் தணிக்கும். ஆண்டுக்கொருமுறை செவிச் சோதனை செய்தல் வேண்டும். இரைச்சலால் வரும் செவிக்குறை தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் அதற்கு இழப்பீடு கோரவும் வழியுண்டு.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுதலும், தீக்குச்சியும் கோழியிறகும் விட்டுக் குடைதலும் வேண்டா. நம் திருவிழாக்களில் ஒலிபெருக்கியின் முன் குழந்தைகளை உட்கார வைத்தலும் வேண்டா. இரவு 10 மணிக்குமேல் அதனை நிறுத்துவது சட்டம். பங்குத்தந்தையரும் திருவிழாக் குழுவினரும் இதனை முதலில் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள்.

பிறந்த குழந்தைக்குச் செவியுண்டா என்று சில நாட்களிலேயே அறியலாம். நல்ல செவி தானே ஒரு மெல்லொலியை வெளிவிடுகிறது. 1978-இல் டேவிட் கெம்ப் கண்ட இவ்வுண்மையைக் கொண்டு, உறங்கும் குழந்தையின் காதில் சிறுகருவி வைத்து நோவின்றிச் சோதிக்கின்றனர். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம்புரிந்தோர் இச்சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பிறவிச் செவிக்குறை அவர்தம் மக்களிடையே மிகுதி. குறை இருப்பின், மயிர்ச் செல்லின் வேலையை மின்முனைகள் கொண்டு செய்யும் காக்ளியர் கருவியைப் பொருத்தலாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இவ்வறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. பேச்சைக் கற்கும் பருவம் கடந்தபின் கருவி பொருத்தினால் பயன் குறையும். பிள்ளை தாமதமாகப் பேசும், தகப்பனும் அப்படித்தான் என்று சொல்லிக் காலங்கடத்தலாகாது.

புலன்களின் வழி வாராதது எதுவும் அறிவில் இல்லை என்று குருமடத்தில் மெய்யியல் பயின்றபோது நாம் மனப்பாடம் செய்தோம். அப்படியாயின் ஒருவரின் புலன் குறைந்தால் நம் சொல் அவரை வந்தடைவதில்லை. நாம்தான் அவரை நோக்கிச் செல்லவேண்டும். அத்தொழிலாளி இப்போது செவிக்கருவி அணிகிறார். அவர் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதை விட்டு, எதிரே வந்து முகம்பார்த்து நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டார். சென்றமுறை அவ்வூர்த் திருவிழாவுக்கு நாம் சென்றபோது, பந்தியில் அவர் நம் எதிரே வந்து நின்று, "தட்டு இதோ இருக்கிறது, சாமி" என்று சொல்லிச் சிரித்தார். இம்முறை நாம் அவரோடு சேர்ந்து சிரித்தோம்.